நெஞ்சு வெடிப்பது உண்டா?

பெருந்துக்கத்தில் ஒருவர் இறந்தால் "நெஞ்சு வெடித்துப் போய்விட்டார்" என்போம். அது பேச்சு வழக்கு. ஆனால் மாரடைப்புக்குப் பின் இதயம் நிஜமாகவே கிழிவதும் உண்டு. ஓய்வு பெற்றபின் மருத்துவ வரலாறு படிக்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அதில் அறிந்ததைச் சொல்கிறேன்.

ரத்தம் கிடைக்காத இதயத் தசை செத்து, சில நாளில் ஊறிய மண்சுவர் போல இளகிவிடும். தழும்பு கட்டி இறுகும்வரை ஆபத்துதான். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் கிழியும். வெளிச்சுவர் கிழிந்தால், இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ரத்தம் நிரம்பி இதயத்தையே நெருக்கும். கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரும் கிழியலாம். வால்வைப் பிடித்திருக்கும் தசையும் அறுந்து போகலாம்.

ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி 1649-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இப்படி ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அந்த இங்கிலாந்துப் பிரபு அடிக்கடி நெஞ்சுவலியால் அவதிப்பட்டவர். இறந்தபின் அறுத்துப் பார்த்தால், இடது கீழறையில் விரல் நுழையும் அளவு கிழிசல்! அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், இந்த நோய் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரிய வந்தது.

இந்தப் பயமும் ஒரு காரணமாக, மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை படுக்க வைத்தார்கள். எங்கள் பெரியப்பாவை ஒன்றரை மாதம் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. சோறுகூட ஊட்டித்தான் விட்டார்கள். ஆனால் 1952-லேயே அமெரிக்காவின் லெவைன், லோன் என்ற இரு மருத்துவர்கள், நோயாளியைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அதனால் இதயம் ஒன்றும் கிழிந்துவிடவில்லை.

இதயம் நெருக்குண்டதைக் கண்டுபிடிக்க, 1935-இல் கிளாட் பெக் என்ற அறுவை நிபுணர் மூன்று அடையாளங்கள் சொன்னார்: ரத்த அழுத்தம் விழும், கழுத்து நரம்பு புடைக்கும், இதய ஒலி மங்கும். கண்டுபிடித்தாலும் அப்போது செய்வதற்கு அதிகமில்லை.

வழி திறந்தது 1953-இல். அந்த ஆண்டு மே மாதம் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து அறுவை செய்து வெற்றி கண்டார். அக்டோபரில் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் ஒலியலையால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இன்றைய 'எக்கோ'வின் பிறப்பு அதுதான். நடுச்சுவர்க் கிழிசலை அறுவை செய்து அடைத்ததை டென்டன் கூலி குழுவினர் 1957-இல் வெளியிட்டார்கள்.

இன்று நோயாளி திடீரென்று மயங்கினாலோ, இதயத்தில் புதிய இரைச்சல் கேட்டாலோ, கட்டிலருகிலேயே எக்கோ எடுத்துவிடுகிறார்கள். வெளிச்சுவர் கிழிந்திருந்தால் உடனே அறுவைதான். ஊசியால் ரத்தத்தை எடுப்பது சற்று அவகாசம் வாங்கத்தான். நடுச்சுவர் என்றால், நோயாளி தாங்குவாரானால் சில நாள் பொறுப்பதும் உண்டு. இளகிய தசையில் தையல் நிற்காதல்லவா? இத்தனை இருந்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

கிழியாமல் பார்த்துக்கொள்வதே நல்ல வைத்தியம். 1977-இல் சூரிக்கில் குருன்ட்சிக் தொடங்கிய பலூன் சிகிச்சையும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் வந்தபின் இந்த விபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் நேரத்தோடு போனால்தான் அவை பலிக்கும். நெஞ்சு அழுத்தினால், "வாயுதான்" என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.