கடிகாரத்திலிருந்து இறங்கிய குதிரை

சிகாகோவில் பிரேயர் என்றொரு பிளாஸ்டிக் வார்ப்புக் கம்பெனி இருந்தது. 1950 வாக்கில் மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகார நிறுவனம், மேசைக் கடிகாரத்தில் நிறுத்த ஒரு குதிரை செய்து கேட்டது. குதிரை வந்தது, காசு வரவில்லை. கடனுக்கு ஈடாக அச்சு பிரேயரிடமே தங்கிவிட்டது. அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறைகளாக விளையாடிய குதிரைகள் இப்படி ஒரு வராக்கடனில் பிறந்தவை.

செல்லுலோஸ் அசிடேட்டில் வார்த்து, ஒட்டுத் தெரியாமல் தேய்த்து, வண்ணம் பூசி விற்றார்கள். பிள்ளைகள் மண்ணில் ஓட்டினார்கள். காது உடைந்தது, கால் முறிந்தது, வெள்ளை மஞ்சளானது. தப்பிப் பிழைத்தவை அரிதாயின. யாரும் திட்டமிட்டுச் செய்த அருமை இல்லை அது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, சம்பாதித்து, தொலைத்த குதிரையைத் தேட ஆரம்பித்தார்கள். 1984இல் ரீவ்ஸ் இன்டர்நேஷனல் பிரேயரை வாங்கியது. 1990இல் கென்டக்கி ஹார்ஸ் பார்க்கில் பிரேயர்ஃபெஸ்ட் திருவிழா தொடங்கியது. அங்கே மட்டும் கிடைக்கும் குதிரைகள் வந்தன. எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்த பதிப்புகளும் வந்தன.

இதில சூட்சுமம் என்னன்னா, ஒவ்வொரு தடவையும் புது அச்சு வேண்டியதில்லை. அச்சு பழசு, நிறம் மட்டும் புதுசு. கடையில் சாதாரணமாக நின்ற அதே உடம்பு, வேறு நிறத்தில் கொஞ்சமே வந்தால் வரிசை கட்டுவார்கள்.

முன்பு குதிரையை அரிதாக்கியது குழந்தைகளின் விளையாட்டு. இப்போது கம்பெனியின் கணக்கு. பெட்டியைப் பிரிக்காமலே அடுக்கி வைப்பவர்களும் உண்டு. காது உடைந்த பழைய குதிரைக்கு அவர்களிடம் பெரிய விலை கிடைக்காது. ஆனா, சேகரிக்கிற ஆசையே அந்த மாதிரிக் குதிரையிலிருந்துதானே தொடங்கியது?