நூல் இல்லாப் பட்டம்

சீவக சிந்தாமணியைக் கற்றவர்கள் மயிற்பொறியை மறந்திருக்க மாட்டார்கள். கட்டியங்காரனின் சூழ்ச்சி முற்றிவரும் வேளையில், கருவுற்றிருக்கும் விசயையைக் காப்பதற்காகச் சச்சந்தன் அதனைச் செய்விக்கிறான். அரசி ஏறியிருந்து இயக்கப் பழகுகிறாள். பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும்; இடப்புறம் திருகினால் தரையிறங்கும். சிங்கள மக்களின் கதைகளிலும் இராவணனின் ஊர்தி ‘தண்டு மொனர’ என்னும் மரமயில்தான். புறநானூற்றின் 27ஆம் பாட்டோ ஒரு படி மேலே போய், புகழுடையோர் மறுமையில் ஏறிச் செல்வதாக, பாகன் செலுத்தாமலே செல்லும் வானூர்தியைச் சொல்கிறது. இதைப் படிப்பிக்கும்போதெல்லாம், “அப்படியென்றால் ஆளில்லா விமானம் அன்றே நம்மிடம் இருந்ததா, சேர்?” என்று வகுப்பில் எவராவது கேட்பதுண்டு. இல்லை. நம்மிடம் கனவு இருந்தது. பசையும் மூங்கிலும் கொண்டு செய்து பார்த்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

1871இல் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் பரிஸ் நகரின் துயிலரி பூங்காவில் ஒரு சிறு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் எஞ்சின், முறுக்கிய இறப்பர் நாடா. 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீற்றர் பறந்தது. இங்கே மலைநாட்டில் அது கோப்பிக் காலம். பிரேசிலின் இறப்பர்ச் செடிகள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்ததே 1876இல்தான். மொனராகலைப் பக்கம் பால் வெட்டும் நம்மவர்கள், முதல் மாதிரி விமானங்களைப் பறக்கவைத்தது தாம் நாளும் தொடும் பொருள்தான் என்று அறிந்திருக்க நியாயமில்லை. 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை இதே இறப்பர் முறுக்கில் எழும் விளையாட்டுப் பொருளொன்றைத் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், அவ்வளவே. வாங்கிப் பெற்றவர்கள் வில்பர், ஓர்வில் ரைட். ஆக, பெரிய விமானத்தைப் பார்த்துச் சின்னது செய்யப்பட்டதாக நாம் நினைப்பது முழு உண்மையன்று. சின்னதே முன்னே பறந்தது.

ஆனால் கைவிட்டுப் பறந்ததைத் திருப்பியழைக்க வழியில்லை. பட்டத்துக்காவது நூல் உண்டு. அந்த நூலின் இடத்தை வானொலி அலை பிடித்துக்கொண்டதுதான் அடுத்த கதை. 1898இல் நியூயோர்க்கில் நிக்கொலா டெஸ்லா, கம்பித் தொடர்பே இல்லாமல் ஒரு சிறு படகை நீரில் திருப்பிக் காட்டினார். பதுளைக்கு இரயில் வந்தது 1924இல். அடுத்த ஆண்டு டிசம்பரில் எட்வேர்ட் ஹாப்பரின் முயற்சியால் கொழும்பில் வானொலி தொடங்கியது. அவருடைய ஆரம்பப் பரிசோதனைகளுக்கு, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் உறுப்புகள் பயன்பட்டதாகச் சொல்வர். பத்தாண்டு கழித்து, 1935இல் பிரித்தானியர் ‘குயின் பீ’ என்ற ஆளில்லா விமானத்தை உருவாக்கினர். பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு அது. பெயரின் பொருள் இராணித் தேனீ. ஆண் தேனீயைக் குறிக்கும் ‘ட்ரோன்’ என்ற சொல் அதிலிருந்தே பரவியது என்பர். பொழுதுபோக்காக இதனைச் செய்து வென்றவர்களில் முன்னோடிகள், அமெரிக்க இரட்டையரான வோல்டர் குட், வில்லியம் குட் ஆகியோர். 1937இல் அவர்கள் வானொலியால் செலுத்திய ‘குவ்’ என்ற விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

வானொலி கேட்டுப் பழகிய நேயர்களுக்கு ஒரு செய்தி சுவைக்கும். ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் மோதினால் நமக்கு இரைச்சல் மட்டுமே. மாதிரி விமானத்துக்கோ அது மரணம். ஆகவே கழகங்களில் அலைவரிசை எண்ணிட்ட கவ்விகளைப் பலகையில் மாட்டிவைத்து, கவ்வியை எடுத்தவர் மட்டுமே கருவியை இயக்கலாம் என்ற ஒழுங்கு இருந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் வந்தபின் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

தீராத சிக்கல் ஒன்றுண்டு. விமானம் நம்மைவிட்டுப் போகும்போது அதன் வலம் நமக்கும் வலம். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலம் நமக்கு இடம். புதியவர்கள் பெரும்பாலும் உடைப்பது இந்த இடத்தில்தான். விசயை உள்ளே அமர்ந்திருந்தாள்; அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஊவாவுக்கு வருவோம். எஞ்சினே இல்லாத மிதவை விமானங்களை மலைச்சரிவில் பறக்கவிடும் முறை உலகெங்கும் உண்டு. சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அந்த எழுச்சியில் நின்றால் விமானம் இறங்காது. அப்புத்தளை முகட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மலையின் மறுபுறத்தில் அதே காற்று சுழன்று கீழே விழும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஆடி ஆவணியில் கச்சானாக வறண்டு வருகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் அந்தக் காற்றே, முகட்டின் பின்புறத்தில் விட்ட மிதவை விமானத்தைத் தேயிலைச் செடிமேல் அறைந்துவிடும். கொழுந்தெடுக்கும் நம் தாய்மாருக்கு எந்த முகத்தில் காற்றடிக்கும், எந்த மடுவில் அடங்கும் என்பது நன்றாகத் தெரியும். அது பாடநூலில் இல்லாத வானியக்க அறிவு.

தமிழகத்தில் இந்தப் பொழுதுபோக்குக்குப் புகழ் தேடித்தந்தவர் நடிகர் அஜித் குமார். அவரை ஆலோசகராகக் கொண்ட, குரோம்பேட்டை எம்.ஐ.ரி. மாணவரின் ‘தக்‌ஷா’ அணி, 2018இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அப்துல் கலாம் 1950களில் விமானவியல் கற்றதும் அதே கல்லூரியில்தான். காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானங்களே அவரை அத்துறைக்கு இழுத்தன.

நம் பிள்ளைகளுக்கு அத்தகைய காட்சி கிட்டவில்லை. காசு ஒரு காரணம். அச்சம் அதைவிடப் பெரியது. யுத்த ஆண்டுகளில், அன்ரெனா நீட்டிய கருவியொன்றைக் கையில் கொடுத்து எந்தத் தமிழ்த் தாய் மகனைச் சோதனைச் சாவடி தாண்ட விட்டிருப்பாள்? 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னரும், ஆளில்லா விமானங்கள் பறப்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இடைநிறுத்தியது. பாதுகாப்புக்காக என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சுடுவதற்குப் பழகவென்று இராணுவம் செய்த பொருளின் நிழல், லயத்துப் பிள்ளையின் விளையாட்டின்மீதும் விழுந்தது. இன்றும் கருவி வாங்குவோர் முதலில் அதிகாரசபையின் விதிகளை விசாரித்து அறிந்துகொள்வது நல்லது.

கையால் எறியும் மிதவை விமானத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். மீன்பெட்டி மூடியின் ரெஜிபோம் போதும். சிறகை வெட்டி, மூக்கில் ஒரு நாணயத்தை ஒட்டி, காலையில் காற்று எழுமுன் பாடசாலை மைதானத்தில் மெல்ல எறிந்து பாருங்கள். மூக்குக் குத்தி விழுந்தால் நாணயத்தைச் சற்றுப் பின்னே நகர்த்த வேண்டும்.