மூட்டு வலிக்குக் குடலை வெட்டிய டாக்டர்கள்

இன்னைக்குக் கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கிற கதை. சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க பாஸ் பண்ணிட்டு, கை கழுவிட்டு வாங்க.

முதல்ல நோயைப் பற்றி. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், தமிழில் முடக்குவாதம், வயசானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே நம் மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்குகிற நோய் இது. முப்பது வயசிலும் வரும். பெண்களுக்குத்தான் அதிகம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது; சட்டைப் பொத்தான் போடுவதே பெரிய வேலையாகிவிடும். சிகிச்சை இல்லாமல் விட்டால் மூட்டு உருக்குலைந்துபோகும்.

சரி, இந்தப் படையைத் தூண்டிவிட்டது யார்? குடல்தான் என்று ஒரு சந்தேகம் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் இருக்கும் பாக்டீரியாவை எடுத்து நோயாளியின் குடலில் வைத்தால் மூட்டு வலி குறையுமா? இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் உண்மையாகவே கேட்கிற கேள்வி இது. ஆனா இந்தக் கேள்வியோட முன்கதை பயங்கரமானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். லண்டன் கைஸ் ஹாஸ்பிட்டலில் சர் வில்லியம் அர்பத்நாட் லேன் என்று ஒரு சர்ஜன். போலி வைத்தியர்னு நினைச்சிடாதீங்க. உடைந்த எலும்பைத் தகடு வைத்துப் பொருத்துவதில் முன்னோடி, அந்தக் காலத்தின் நட்சத்திர டாக்டர். பெருங்குடலில் கழிவு தேங்கினால் அதில் ஊறும் விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பையே கெடுக்கும் என்று அவர் நம்பினார். மூட்டு நோய்க்கும் அதுதான் காரணமாம். அப்படியென்றால் என்ன செய்வது? பெருங்குடலையே வெட்டி எடுத்துவிடு! ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம். அறுவைக்குப் பின் இறந்தவர்களும் உண்டு. 1913-ல் லண்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் பல அமர்வுகளாக இதைப் பற்றி வாதம் நடந்தது. கடைசியில் லேனே கத்தியை விட்டுவிட்டு, நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்யப் போய்விட்டார்.

அமெரிக்காவில் சந்தேகம் வாய்ப் பக்கம் போனது. சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்றவர்கள், பல்லிலோ டான்சிலிலோ ஒளிந்திருக்கும் தொற்றுதான் மூட்டைத் தாக்குகிறது என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்தக் கொள்கையை ஆதரித்தவர்களில் ஒருவரான ரஸ்ஸல் செசில், 1938-ல் 200 முடக்குவாத நோயாளிகளை அலசிப் பார்த்துவிட்டு, பலன் இல்லை என்று எழுதினார். தான் நம்பியதைத் தானே சரிபார்த்த ஆள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர்களில் ஒருவர்.

இன்னொருவர் நான்னா ஸ்வார்ட்ஸ். ஸ்வீடன்காரர். 1937-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். முடக்குவாதத்துக்குக் காரணம் பாக்டீரியாதான் என்று அவரும் நம்பினார். ஆனால் அவர் கையில் எடுத்தது கத்தி இல்லை, வேதியியல். பாக்டீரியாவைத் தடுக்கும் சல்ஃபா மருந்து ஒன்று, வீக்கத்தைக் குறைக்கும் சாலிசிலிக் அமிலத்தின் உறவுக்கார மருந்து இன்னொன்று. இரண்டையும் ஒரே மூலக்கூறாக இணைத்துத் தரச் சொல்லி ஃபார்மாசியா நிறுவனத்தோடு வேலை செய்தார். அப்படிப் பிறந்ததுதான் சலாசோபைரின், அதாவது சல்ஃபாசலசின்.

1940-களின் தொடக்கத்தில் மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலருக்குக் குறைந்தது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண் நோய்க்கும் கொடுத்தார்; அதுவும் குறைந்தது. குடல் டாக்டர்கள் மருந்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டுப் பக்கம்தான் அதிர்ஷ்டம் இல்லை. 1949-ல் எடின்பரோவில் இருந்து வந்த ஆய்வு, முடக்குவாதத்துக்கு இது சரிப்படாது என்றது. கிட்டத்தட்ட அதே சமயம் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கார்ட்டிசோன் வந்து, எழுந்திருக்க முடியாதவர்களை நடக்க வைத்தது. எல்லார் கண்ணும் அங்கே போனது. சல்ஃபாசலசினை மூட்டு டாக்டர்கள் மறந்தே போனார்கள். 1970-களின் கடைசியில் பர்மிங்காமில் பிரையன் மெக்கான்கி மறுபடி எடுத்துச் சோதித்த பிறகுதான் திரும்பி வந்தது. நடுவில் முப்பது வருஷம்! அத்தனை பேரின் விரல்கள் கோணிப்போன முப்பது வருஷம்.

இப்போ மலத்துக்கு வருவோம். 1958-ல் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற சர்ஜனும் சகாக்களும், கடுமையான குடல் அழற்சியில் இருந்த 4 பேருக்கு மலக் கரைசலை எனிமாவாகக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். அப்புறம் பல வருடம் பெரிய சத்தம் இல்லை. 2013-ல் இரண்டு விஷயம் நடந்தது. ஆம்ஸ்டர்டாமில், க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு மலக் கரைசல் கொடுத்ததில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள்; ஆன்டிபயாட்டிக் மட்டும் எடுத்தவர்களில் 13-க்கு 4 பேர்தான். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம். அதே வருடம் நியூயார்க்கில், புதிதாக முடக்குவாதம் வந்து இன்னும் மருந்து தொடங்காதவர்களில் 75 சதவீதம் பேரின் குடலில் ப்ரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 21 சதவீதம்.

இரண்டையும் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், இல்லையா? ஆனால் ப்ரிவோடெல்லா நோயைக் கொண்டுவந்ததா, நோய் ப்ரிவோடெல்லாவைக் கொண்டுவந்ததா என்று அந்த எண் சொல்லாது. நேராகச் சோதிக்க வேண்டியதுதான்.

டென்மார்க்கில் சோதித்தார்கள். முடக்குவாதம் இல்லை, அதன் பங்காளியான சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். 31 பேர். 15 பேருக்கு எண்டோஸ்கோப் வழியாக நிஜக் கரைசல், 16 பேருக்குப் போலி. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2021-ல் முடிவு வெளியானது. 26 வாரத்துக்குள் கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டவர்கள், நிஜம் பெற்றவர்களில் 9 பேர்; போலி பெற்றவர்களில் 3 பேர். ஆமாம், போலிதான் ஜெயித்தது. இந்தப் போலிக் குழு மட்டும் இல்லையென்றால், மீதி ஆறு பேரின் கதை யூடியூப்பில் அற்புத சிகிச்சையாக ஓடிக்கொண்டிருக்கும். லேனிடமும் பில்லிங்ஸிடமும் இல்லாமல் போனது இந்த ஒப்பீடுதான்.

வீட்டிலேயே மிக்ஸி வைத்துச் செய்யலாம் என்று வீடியோ பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்லணும். 2019-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டது. ஒரே கொடையாளரின் மலத்தைப் பெற்ற, எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்கு, மருந்துக்கு அடங்காத ஈ-கோலை தொற்று வந்தது, ஒருவர் இறந்துவிட்டார். முடக்குவாதக்காரர்கள் சாப்பிடும் மருந்துகளில் பலவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை என்பதை மறக்காதீங்க.

எஃப்.டி.ஏ. 2022-லும் 2023-லும் மலத்திலிருந்து செய்த இரண்டு மருந்துகளை அனுமதித்தது. இரண்டும் டிஃபிசில் தொற்றுக்குத்தான், மூட்டுக்கு இல்லை. மூட்டுக்கு ஸ்வார்ட்ஸின் மாத்திரை இன்றும் டாக்டர் சீட்டில் எழுதப்படுகிறது. அந்த மாத்திரையில் ஒரு வேடிக்கை உண்டு: இரண்டு மருந்துகளையும் இணைக்கும் முடிச்சை அவிழ்ப்பது முக்கியமாக நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாதான். லேன் வெட்டித் தூக்கிப்போட்ட அதே பெருங்குடல்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.