தொலைக்காட்சி மின்வழங்கிப் பலகை

தொலைக்காட்சி மின்வழங்கிப் பலகை என்பது, தட்டைத்திரைத் தொலைக்காட்சிப் பெட்டியினுள் வீட்டு மின்சாரத்தைப் பெற்று, பிற பகுதிகளுக்குத் தேவையான நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் மின்சுற்றுப் பலகை ஆகும். பழுதுபார்ப்பவர்களிடையே இது பவர் சப்ளை போர்டு என வழங்கப்படுகிறது. முற்றிலும் இயங்காது போன பெட்டிகள் பலவற்றில் திரை நன்றாகவே இருக்கும். இப்பலகையில் உள்ள ஓர் உருகியோ மின்தேக்கியோ மட்டும் பழுதடைந்திருக்கும். ஆகையால் பெட்டியைக் கழிவாக ஒதுக்கும் முன் இப்பலகையைச் சோதிப்பது பயனுள்ளது. அதேவேளை, பெட்டியினுள் உயிருக்கு மிகுந்த ஆபத்து விளைவிக்கக்கூடிய பகுதியும் இதுவே.

அமைப்பும் செயற்பாடும்

இப்பலகை நிலைமாற்றி வகை மின்வழங்கி ஆகும். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் முதலில் உருகி, இடைஞ்சல் வடிகட்டி ஆகியவற்றைக் கடந்து, பிரிட்ஜ் எனப்படும் அலைதிருத்தியால் நேர்மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. இது முதன்மை மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் மின்னழுத்தமாகச் சேமிக்கப்படுகிறது. திறன் காரணித் திருத்தம் உள்ள பெரிய பெட்டிகளில் இது 380 முதல் 400 வோல்ட் வரை உயரும். மாஸ்பெட் என்னும் திரிதடையம் இம்மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய மின்மாற்றிக்கு அனுப்புகிறது. மின்மாற்றியின் மறுபக்கத்தில் இருமுனையங்களும் மின்தேக்கிகளும் அதனை மீண்டும் நேர்மின்னோட்டமாக்குகின்றன.

பொதுவாகக் கிடைக்கும் வெளியீடுகள்:
- காத்திருப்பு நிலைக்கு 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட்
- முதன்மைப் பலகைக்கும் ஒலிக்கும் 12 வோல்ட்
- பின்னொளிக்கு 24 வோல்ட், அல்லது ஒளியுமிழ் இருமுனையத் தொடர்களுக்கு ஏற்ற உயர் மின்னழுத்தம்

அண்மைக் காலச் சிறிய பெட்டிகள் பலவற்றில் மின்வழங்கியும் முதன்மைச் சுற்றும் ஒரே பலகையில் அமைகின்றன.

பழுதுக்கான காரணங்கள்

மின்தேக்கியின் முதுமை: மின்பகு மின்தேக்கியினுள் உள்ள நீர்மம் வெப்பத்தால் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொது விதி. 105 பாகையில் 2,000 மணிநேரம் எனக் குறிக்கப்பட்ட மின்தேக்கி, 85 பாகையில் 8,000 மணிநேரமும் 65 பாகையில் 32,000 மணிநேரமும் உழைக்கும். நாள்தோறும் 5 மணிநேரம் எனக் கொண்டால் முன்னது சுமார் நான்கரை ஆண்டுகள், பின்னது 17 ஆண்டுகளுக்கு மேல். எனவே காற்றோட்டம் இல்லாத அலமாரியினுள் பெட்டியை வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும்.

தரக்குறைவு: 2000களில் குறைபாடுள்ள மின்தேக்கிகளால் உலகெங்கும் கணினித் தாய்ப்பலகைகள் பெருமளவில் பழுதாயின. மின்தேக்கிப் பழுது தொடர்பாகச் சாம்சங் தொலைக்காட்சிகள் மீது அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட பொது வழக்கு, 2012 இல் உடன்பாட்டில் முடிந்தது.

மிகை மின்னழுத்தம்: தமிழ்நாட்டில் தெரு மின்பாதைகள் மும்முனை மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் வரக்கூடும். அப்போது மின்னழுத்தக் காப்புத் தடை குறுக்கிணைப்பாகி உருகியை எரித்துவிடும். பலகையின் பிற பகுதிகளைக் காக்கும் ஏற்பாடே இது.

வெள்ளம்: 2015 திசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் தாம்பரத்தில் 24 மணிநேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகி, சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகள் பல நீரில் மூழ்கின. நீரில் நனைந்த பெட்டியை இயக்கிப் பார்ப்பது தவறு. சேறும் உப்பும் பலகையில் தங்கினால் மின்னோட்டம் வழிமாறிச் செல்லும். பலகையைக் கழற்றித் தூய்மை செய்து, முற்றிலும் உலர்த்திய பின்னரே மின்னிணைப்புத் தர வேண்டும்.

பாதுகாப்பு

மின்செருகியைக் கழற்றிய பின்னரும் முதன்மை மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். 2 கிலோ ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை, காப்பிடப்பட்ட கம்பிகளுடன் அதன் இரு முனைகளுக்கிடையே சில நொடிகள் இணைத்து வெளியேற்ற வேண்டும். பின்னர் பன்மானியால் அளந்து உறுதி செய்தல் அவசியம். திருப்புளியால் முனைகளை நேரடியாக இணைத்தல் ஆபத்தானது.

மின்மாற்றிக்கு முற்பட்ட பகுதி வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்பு உடையது. அதற்குரிய நில இணைப்பு வேறு, பிற்பகுதிக்குரிய நில இணைப்பு வேறு. பன்மானியின் கருப்பு முனையைத் தவறான பக்கத்தில் வைத்தால் அளவீடு பிழையாகும். மின்னிணைப்புடன் செய்யும் அளவீடுகளைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

சோதிக்கும் முறை

1. சுவரில் உள்ள மின்பொருத்தியையும் மின்வடத்தையும் முதலில் சோதிக்க வேண்டும்.
2. மின்னிணைப்பைத் துண்டித்து, மின்தேக்கியை வெறுமையாக்கியபின், மேற்புறம் உப்பிய மின்தேக்கிகள், கருகிய தடங்கள், விரிசல் கண்ட ஈயப்பற்றுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உப்பாத மின்தேக்கியும் பழுதாக இருக்கலாம்.
3. உருகி எரிந்திருந்தால் காப்புத் தடை, அலைதிருத்தி, மாஸ்பெட் ஆகியவற்றில் குறுக்கிணைப்பு உள்ளதா எனக் காண வேண்டும். காரணம் அறியாமல் புதிய உருகியைப் பொருத்தினால் அதுவும் எரியும்.
4. உருகி நன்றாயிருந்து, முதன்மை மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட்டும் இருந்து, காத்திருப்பு வெளியீடு இல்லையெனில், தொடக்க மின்தடை, கட்டுப்பாட்டுத் தொகுசுற்று, வெளியீட்டு இருமுனையம் ஆகியவற்றை ஐயுறலாம்.
5. காத்திருப்பு விளக்கு எரிந்தும் பெட்டி இயங்கவில்லையெனில், முதன்மைப் பலகையிலிருந்து இயக்கக் குறிகை வருகிறதா என அளக்க வேண்டும். குறிகை வந்தும் 12 வோல்ட் எழவில்லையெனில் பழுது பெரும்பாலும் மின்வழங்கியில் உள்ளது; குறிகையே வரவில்லையெனில் முதன்மைப் பலகையில் இருக்கலாம்.
6. பெட்டி டிக் டிக் என ஒலித்து நெடுநேரம் கழித்து இயங்கினால், வெளியீட்டு மின்தேக்கிகள் தளர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி.
7. ஒலி கேட்டுப் படம் தெரியவில்லையெனில், இருளில் கைவிளக்கைத் திரைமீது சாய்வாக அடித்துப் பார்க்கலாம். மங்கிய படம் தெரிந்தால் பழுது பின்னொளியிலோ அதற்கான மின்வழங்கலிலோ உள்ளது.

பழுது நீக்கிய பின், முதல் முறை இயக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பது வழக்கம். சீரிஸ் பல்பு எனப்படும் இது பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் குறுக்கிணைப்பு இன்னும் உள்ளது என்று பொருள்.

மாற்று உறுப்புகள்

புதிய மின்தேக்கி அதே கொள்ளளவும், அதே அல்லது கூடுதலான மின்னழுத்த வரம்பும், 105 பாகைத் தரமும், குறைந்த உள்தடையும் உடையதாக இருத்தல் வேண்டும். நேர், எதிர் முனைகளை மாற்றிப் பொருத்தினால் வெடிக்கும். உருகிக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றுவது தீ விபத்துக்கு இடமளிக்கும். சென்னையில் ரிச்சி தெரு மின்னணு உதிரிகளுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். முழுப் பலகையை வாங்கும்போது பெட்டியின் மாதிரி எண்ணை மட்டுமன்றிப் பலகையில் அச்சிட்ட எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஒரே மாதிரிப் பெட்டியிலும் வேறுபட்ட பலகைகள் இருப்பதுண்டு.

திரை உடைந்த பெட்டியைச் சீரமைப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அத்தகையவற்றை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க
- மின்தேக்கி
- உருகி
- பன்மானி
- மின்கழிவு