சொல்லின் எழுத்து எண்ணிக்கை

சொல்லின் எழுத்து எண்ணிக்கை என்பது ஒரு சொல்லில் உள்ள எழுத்துகளின் தொகை ஆகும். குறிப்பிட்ட நீளமும் குறிப்பிட்ட எழுத்துகளும் கொண்ட சொற்களைத் தேடுவதற்கும் குறுக்கெழுத்துப் போட்டிகளுக்கும் இது அடிப்படையாகும்.

தமிழும் ஆங்கிலமும்

ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனியே எழுதப்படுகின்றன. தமிழில் அவை இணைந்த உயிர்மெய் ஓரெழுத்தாகும். எனவே ஆங்கிலத்தில் 8 எழுத்துகள் கொண்ட அரியலூர், தமிழில் 5 எழுத்துகளே (அ, ரி, ய, லூ, ர்) கொண்டது. அவ்வாறே 10 எழுத்துகள் கொண்ட பெரம்பலூர், தமிழில் 6 எழுத்துகள் (பெ, ர, ம், ப, லூ, ர்) கொண்டது.

கணினியில் எண்ணுதல்

ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஆகவே குறியீடுகளை மட்டும் எண்ணும் மென்பொருள் அரியலூருக்கு 8 எனவும், பெரம்பலூருக்கு 10 எனவும் விடை தரும். ஐந்தெழுத்து ஊர்ப்பெயர்களைத் தேடுவோருக்கு அரியலூர் கிடைக்காது. மூன்றெழுத்துப் பெயரான மதுரையே (5 குறியீடுகள்) கிடைக்கும். குறியீட்டு எண்ணிக்கை ஆங்கில எழுத்து எண்ணிக்கையுடன் எப்போதும் பொருந்துவதில்லை. ஆங்கிலத்தில் மதுரை 7 எழுத்துகள் கொண்டது.

சரியான முறை

மொத்தக் குறியீடுகளிலிருந்து உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் கழித்தால் எழுத்து எண்ணிக்கை கிடைக்கும்.

அரியலூர்: 8 − 3 = 5
பெரம்பலூர்: 10 − 4 = 6
மதுரை: 5 − 2 = 3

க்ஷ, ஸ்ரீ ஆகிய கிரந்தக் கூட்டெழுத்துகளை ஓரெழுத்தாகக் கொள்ளத் தனி விதி தேவை.