ஈயநில மீட்பு: கோலகுபு, கெப்போங் வரலாறுகள் - ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

மலாயாவின் பொருளியல் வரலாற்றில் வெள்ளீயம் பெற்ற இடம் யாவரும் அறிந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் லாருட், கிந்தாப் பள்ளத்தாக்கு, சிலாங்கூர் ஆகிய பகுதிகளில் விரிந்த சுரங்கத் தொழில் நகரங்களையும் இருப்புப்பாதைகளையும் தோற்றுவித்தது. எடுக்கப்பட்ட ஈயத்தின் அளவைக் காலனிய ஆவணங்கள் விரிவாகவே பதிவு செய்துள்ளன. ஈயம் தீர்ந்தபின் எஞ்சிய நிலம் என்னவாயிற்று என்று வினவியோர் சிலரே. தீபகற்பத்தில் ஏறத்தாழ 113,000 ஹெக்டேர் நிலம் சுரங்கக் கழிவு நிலமாக எஞ்சியதென ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். அந்நிலத்தின் மண்ணரிப்பும் தாவர வளர்ச்சியும் எப்போது, யாரால், எதற்காகக் கவனிக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை இரு இடங்களின் வழியே ஆராய முற்படுகிறது.

சுரங்க முறையும் கழிவும்

ஈயச் சுரங்கத் தொழில் நீரை நம்பியது. மண்சரிவுகளின்மீது நீரைப் பாய்ச்சிக் கரைத்து, அக்குழம்பைப் 'பாலோங்' எனப்படும் நீண்ட மரவாய்க்காலில் ஓடவிட்டால், கனமான ஈயத்தாது அடியில் தங்கிவிடும். மணலும் சேறும் வழிந்தோடும். மணல் அருகிலேயே மேடாகும்; நுண்ணிய களிமண் தொலைவில் படியும் அல்லது ஆற்றில் கலக்கும். ஆகவே சுரங்க நிலம் இருவகைப்பட்டது. மணல்மேடு நீரையும் சத்தையும் தேக்கி வைக்காது, வெயிலில் கொதிக்கும். சேற்றுநிலமோ நீர்தேங்கி இறுகும். இவ்விரண்டிலும் இயற்கையாகத் தாவரம் பரவ நெடுங்காலமாகும். தாவரம் பரவும்வரை ஒவ்வொரு மழையும் மண்ணை ஆற்றுக்குக் கொண்டுசென்றது.

கோலகுபு: ஆற்றில் படிந்த மண்

இதன் விளைவைச் சிலாங்கூரின் கோலகுபு நகரில் தெளிவாகக் காண்கிறோம். 1883 அக்டோபரில் அங்கிருந்த பழைய அணை உடைந்தது. அவ்வெள்ளத்தில் மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உள்ளிட்ட பலர் மாண்டனர். அவ்விடம் இன்றும் 'உடைந்த அணை' எனப் பொருள்படும் அம்பாங் பெச்சா என்றே வழங்குகிறது. எனினும் நகரை இறுதியில் வீழ்த்தியது அணை அன்று. சுரங்கங்களிலிருந்து வந்த மண் சிலாங்கூர் ஆற்றின் படுகையை ஆண்டுதோறும் உயர்த்தியது. சிறு மழைக்கும் வெள்ளம் புகுந்தது. 1926-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப்பின் நகரைக் காக்க இயலாது என்பது உறுதியாயிற்று. நகரமைப்பாளர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி, மேட்டு நிலத்தில் கோலகுபு பாரு உருவாயிற்று. பழைய நகர் மண்ணுள் புதைந்தது.

இங்கு அரசு கவனித்தது ஆற்றையும் நகரையுமே. மண் புறப்பட்ட மேட்டு நிலம் பின்னரே அதன் பார்வைக்கு வந்தது. 1932-இல் வடிகால், நீர்ப்பாசனத் துறை தோன்றியதும் ஆறுகளைப் பேணுவது தனித் துறையின் பொறுப்பாயிற்று.

இவ்வரலாறு தமிழரைச் சாராதது எனக் கருதுதல் பொருந்தாது. சுரங்கத் தொழிலாளர் பெரும்பாலும் சீனராயினும், ஆறுகளில் சேர்ந்த மண்ணில் ரப்பர்த் தோட்டங்களுக்கும் பங்குண்டு. மரங்களுக்கிடையே புல்லும் முளைக்காதவாறு நிலத்தைத் துடைத்து வைக்கும் களையெடுப்பு முறையே தொடக்கத்தில் தோட்ட நிருவாகங்களின் விதியாயிருந்தது. அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் நம் தொழிலாளர்களே. மேல்மண் இழப்பு உணரப்பட்ட பின்னரே அவரைக் குடும்பத்து மூடுபயிர்களைத் தோட்டங்களில் படரவிடும் வழக்கம் பரவியது.

கெப்போங்: நடப்பட்ட காடு

கெப்போங்கின் கதை வேறு. 1926-இல் வனவியலாளர் ஃபாக்ஸ்வொர்தி ஆய்வுநிலையத்திற்காகத் தேர்ந்த இடம், காடழிந்து, லாலாங் புல்லும் காய்கறிப் பாத்திகளும் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளுமாய்க் கிடந்தது. 1929-இல் வன ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. உள்நாட்டு மரங்கள் வரிசையாக நடப்பட்டு, அவற்றின் வளர்ச்சி பதிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டுக்குப்பின், 2025-இல், அவ்வனப் பூங்கா யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. தரிசாய்க் கிடந்த நிலத்தில் மனிதர் உருவாக்கிய வெப்பமண்டலக் காடு என்பதே அதன் சிறப்பு.

இவ்வெற்றியை எல்லா ஈயநிலத்திற்கும் பொதுவாக்குதல் இயலாது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் வீழ்ச்சியால் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அந்நிலங்கள் மீன்குளமாகவும் காய்கறித் தோட்டமாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. நூறாண்டு காத்திருக்கும் நிறுவனம் அவற்றுக்கு வாய்க்கவில்லை.

கண்காணிப்பின் பொருள்

செயற்கைக்கோள் படங்கள் இன்று பசுமையின் பரப்பை எளிதில் காட்டுகின்றன. ஆயின் லாலாங் புல்லும் பசுமையே. விரைந்து வளரும் அக்கேசியா மரமும் பசுமையே. அடியில் சருகு மக்கி மண்ணாகிறதா, இளமரங்கள் தாமே முளைக்கின்றனவா, மழைக்குப்பின் ஓடையில் கலங்கல் குறைகிறதா என்பவற்றை நிலத்தில் நின்றே அறிய இயலும். ஒரே இடத்தில் ஆண்டுகள் பல தொடர்ந்து அளந்தாலன்றி அவ்வளவைகளுக்குப் பொருளில்லை.

முடிவுரை

கோலகுபுவில் மண் சென்று படிந்த பின்னரே அது பிரச்சினையாகக் கருதப்பட்டது. அதற்கு ஒரு நகரே விலையாயிற்று. கெப்போங்கில் மண் இருந்த இடத்திலேயே கவனிக்கப்பட்டது. அங்குக் காடு எழுந்தது. எனவே, 'மீட்கப்பட்ட நிலம்' என ஓரிடம் அறிவிக்கப்படும்போது, அதன் கீழுள்ள ஆற்றின் நிலையையும் சேர்த்தே கேட்டறிய வேண்டும். நம் மாணவர்கள் தோட்டப்புற வரலாற்றை எழுதும்போது ஆட்களின் வரலாற்றோடு அவர்கள் நின்ற மண்ணின் வரலாற்றையும் இணைத்து நோக்குவரேல், இத்துறை பெரிதும் பயன்பெறும்.