காரில் எஞ்சின் லைட் எரிகிறதா? போனிலேயே காரணம் பார்க்க உதவும் ஓபிடி அடாப்டர் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிகிறது. வண்டி வழக்கம்போலத்தான் ஓடுகிறது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தால், "வண்டியைக் கொண்டு வாங்க சார், ஸ்கேன் பண்ணிப் பார்த்தாதான் தெரியும்" என்பார்கள்.

அந்த ஸ்கேனில் அவர்கள் முதலில் பார்க்கும் விஷயத்தை, சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் ஒரு சின்ன அடாப்டர் உங்கள் போனிலேயே காட்டிவிடும். ஆனால் அது காட்டுவதைத் தப்பாகப் புரிந்துகொண்டால், நன்றாக இருக்கும் பாகத்தை மாற்றிப் பணத்தை வீணாக்குவீர்கள். சரியாகப் படிக்கத் தெரிந்தால், பழைய கார் வாங்கும்போது பெரிய செலவிலிருந்தே தப்பலாம்.

உங்கள் காரில் இந்த வசதி இருக்கிறதா?

ஓபிடி என்றால் ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ, சென்சார்களையும் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களையும் தானே சோதித்து, கோளாறு இருந்தால் ஒரு குறியீட்டைப் பதிவு செய்து வைக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயம். இந்தியாவில் பிஎஸ்-4 விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. எனவே 2013-க்குப் பிறகு தயாரான பெட்ரோல், டீசல் கார் என்றால் பெரும்பாலும் பிரச்னை இருக்காது. 2020-ல் வந்த பிஎஸ்-6 கார் என்றால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேல் எங்காவது 16 துளைகள் உள்ள ஒரு கனெக்டர் இருக்கும். சில கார்களில் அதன் மேல் ஒரு சின்ன மூடி இருக்கும். அதில்தான் அடாப்டரைச் சொருக வேண்டும்.

எதை வாங்குவது?

ஆன்லைனில் தேடினால் எல்லாவற்றிலும் 'இஎல்எம்327' என்றே எழுதியிருக்கும். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர். அதன் ஆரம்ப வெர்ஷனில் நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு போடப்படவில்லை. விளைவு, உலகம் முழுக்க நகல்கள். பெட்டியில் 'வெர்ஷன் 1.5' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு வெர்ஷனை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. 2022-ல் நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது.

நகல் என்பதாலேயே எல்லாம் குப்பை என்று அர்த்தமில்லை. குறியீட்டைப் படிக்க பல நகல்கள் போதும். ஆனால் சில மலிவான அடாப்டர்களில் பாதி கட்டளைகள் வேலை செய்யாது, இணைப்பும் விட்டுவிட்டு வரும். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

ஆண்ட்ராய்டு போனுக்கு சாதாரண ப்ளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் அதோடு பேசாது. புளூடூத் லோ எனர்ஜி வகையோ வைஃபை வகையோ வேண்டும். வைஃபை வகையில் ஒரு தொல்லை: போன் அடாப்டரின் வைஃபையோடு இணைந்திருக்கும்போது இன்டர்நெட் நின்றுபோகலாம். மேப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர்களுக்கு இது சரிப்படாது.

இன்னொன்று. இதே கனெக்டரில் சொருகினால் மைலேஜ் கூடும் என்று சில பிளக்குகள் விற்கிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது, கண்சிமிட்டும் எல்இடி விளக்குகளை மட்டும்தான். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்த எண்களைப் பார்க்கலாம்?

டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப்களில் பத்து, இருபது மீட்டர்கள் சுற்றும். பார்க்க ஜோராக இருக்கும். தினசரி உபயோகத்துக்கு மூன்று போதும்.

முதலாவது கூலன்ட் வெப்பநிலை. எஞ்சின் சூடான பிறகு பெரும்பாலான கார்களில் இது 85 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். பல புதிய கார்களில் வெப்பநிலை முள்ளே கிடையாது, ஒரு விளக்கு மட்டும்தான். டிராஃபிக்கில் நிற்கும்போது எண் ஏறிக்கொண்டே போனால், அந்தச் சிவப்பு விளக்கு எரியும்முன்பே ஃபேன் ஓடவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது வோல்டேஜ். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.4-க்கு மேல், ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.7 வரை இருந்தால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலம். சில புதிய கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்த சார்ஜிங்கைத் தாங்களே குறைக்கும். ஒருமுறை குறைந்ததைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மூன்றாவது ஃப்யூல் ட்ரிம். எரிபொருளை வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஈசியூ சமாளிக்கிறது என்பதன் கணக்கு இது. கூட்டல், கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. லாங் டெர்ம் ட்ரிம் தொடர்ந்து கூட்டல் 20-ஐத் தாண்டினால், காற்று எங்கோ கசிந்து உள்ளே போகிறது அல்லது பெட்ரோல் போதவில்லை.

குறியீடு தீர்ப்பு அல்ல

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஆப்பில் 'பி0171' என்று வருகிறது. கூகுளில் தேடினால், 'ஆக்ஸிஜன் சென்சார் மாற்றவும்' என்று யாராவது எழுதியிருப்பார்கள். மாற்றுவீர்கள். ஒரு வாரத்தில் லைட் மறுபடி எரியும்.

பி0171 சொல்வது, கலவையில் காற்று அதிகம் என்பதை மட்டும்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்ஸிஜன் சென்சார்தான். சேதி கொண்டுவந்தவனை அடிப்பதுபோல அதையே கழற்றிப் போடுகிறோம். வெடித்த ரப்பர் குழாய், அழுக்கான காற்று சென்சார், பலவீனமான ஃப்யூல் பம்ப் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ட்ரிம் ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் 2,500-ல் குறைந்தால் காற்றுக் கசிவு மீது சந்தேகம். அழுத்தி ஓட்டும்போது கூடினால் பெட்ரோல் வரும் வழி மீது சந்தேகம். இந்த ஒரு தகவலோடு மெக்கானிக்கிடம் போனால், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

லைட் நிலையாக எரியாமல் மினுக்கினால் ஸ்கேன் எல்லாம் பிறகு. எஞ்சினில் கடுமையான மிஸ்ஃபயர் என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் விலை அதிகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விடும். ஓரங்கட்டுங்கள்.

ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளை சாதாரண ஆப்கள் பெரும்பாலும் காட்டாது. பிஎஸ்-6 டீசல் கார்களின் டிபிஎஃப் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதையும் அந்தந்த நிறுவனத்தின் கார்களுக்கென்றே உள்ள ஆப்களில்தான் பார்க்க முடியும்.

'கிளியர்' பட்டன் அழிப்பது எதை?

எல்லா ஆப்களிலும் குறியீட்டை அழிக்கும் பட்டன் உண்டு. அழுத்தினால் லைட் அணையும், கோளாறு அப்படியே இருக்கும். கோளாறு வந்த நொடியில் வேகம், வெப்பநிலை, ஆர்பிஎம் என்ன என்று ஈசியூ சேமித்து வைத்த 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' தகவலும் சேர்ந்தே போய்விடும். மெக்கானிக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல தடயம் அது. அழிப்பதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட்டாவது எடுத்து வையுங்கள்.

இதே பட்டனை, பழைய கார் விற்பவரும் நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு அழுத்தியிருக்கலாம். லைட் இல்லை, குறியீடு இல்லை, வண்டி பளிச். ஆனால் அழித்ததும் ஒரு சுவடு மிஞ்சும். ஈசியூவின் சுயசோதனைகளின் நிலையை ஆப்பில் 'ரெடினஸ் மானிட்டர்' பகுதி காட்டும். குறியீட்டை அழித்தால் அவை 'முடியவில்லை' நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி முடிய, பல நாள் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டும். 'குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம்' என்ற எண்ணையும் பல கார்கள் தரும். தினமும் ஆபீஸ் போய் வருகிறேன் என்று சொல்பவரின் காரில் அது 6 கிலோமீட்டர் என்று காட்டினால், ஏன் என்று கேளுங்கள். சமீபத்தில் பேட்டரி மாற்றியதாலும் இப்படி ஆகலாம்; அப்படியானால் பில் இருக்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால், ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஓடோமீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் இதை நம்பி முடிவு செய்ய முடியாது. அதற்கு சர்வீஸ் ரெக்கார்டுதான் வழி.

எப்போதும் சொருகியே வைக்கலாமா?

வேண்டாம். இந்த கனெக்டர் வழியாகத் தகவலைப் படிக்க மட்டுமல்ல, காருக்குக் கட்டளையிடவும் முடியும். 2015-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், சிம் உள்ள ஒரு வகை இன்சூரன்ஸ் டாங்கிளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, கார்வெட் காரின் வைப்பரை ஓட்டிக் காட்டினார்கள். குறைந்த வேகத்தில் பிரேக்கையும் கட்டுப்படுத்தினார்கள். நீங்கள் வாங்கும் அடாப்டரில் சிம் இல்லைதான். ஆனால் பல ப்ளூடூத் அடாப்டர்களின் பின் நம்பர் 1234 அல்லது 0000. பல வைஃபை வகைகளில் பாஸ்வேர்டே கிடையாது.

கிளட்ச் மிதிக்கும் காலில் இடிக்கும் அளவுக்கு நீண்ட அடாப்டரும் ஆபத்து. குட்டையானதாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பார்ப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். போன் ஹோல்டரில் இருக்கட்டும். ஆப்பிலேயே பதிவு செய்துவிட்டு, வண்டியை நிறுத்திய பிறகு பாருங்கள்.

கனெக்டரின் 16-வது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு பத்து நாள் கழித்துத் திரும்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கிளம்பும்முன் கழற்றி கிளவ் பாக்ஸில் போட்டுவிடுங்கள்.